அன்னங்களின் ஏரிக்கு வந்த பலகை

உங்கள் ஊர் ஏரியின் பெயரை நேற்று வந்த ஒருவன் மாற்றி எழுதினால், நல்ல நாள் பார்த்துத்தான் தட்டிக் கேட்பீர்களா?

எங்கள் லூயிஸ் தீவில் ஓய்ரிக் நாள் பார்க்கவில்லை. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். கணவன் கடலோடு போனபோது, ‘ஓய்வுநாளில் மீன்பிடிக்கப் போனதற்குத் தண்டனை’ என்றார் சபை மூப்பர் தோர்க்கில். அத்தோடு அவள் தேவாலயப் படி ஏறுவதை விட்டாள்.

வேட்டை மாளிகையை வாங்கி விடுதியாக்கிய பெல்ச்சர், சனிக்கிழமை மாலை எங்கள் ஏரியான லோக் நன் யாலாவின் கரையில் ‘சில்வர் லேக்’ என்று பலகை நட்டான். திங்கள் காலை வரைபடம் திருத்த ஆள் வருகிறார். கரையில் நிற்கும் பெயரே பதிவாகிவிடும். இடையில் ஞாயிறு, ஓய்வுநாள். அன்று துணி காயப்போடக்கூட இங்கே யாரும் துணிய மாட்டார்கள் என்பது அவனுக்குத் தெரியும்.

ஞாயிறு காலை, சபை கலைந்து வரும் வழியில், பலகையருகே ஓய்ரிக் கடப்பாரையோடு நின்றாள்.

“ஏம்மா, இன்னிக்கு என்ன நாளுன்னு மறந்துபோச்சா?” என்றார் தோர்க்கில்.

“நல்லா ஞாபகம் இருக்கு அண்ணே. அவன் நம்பி இருக்கறதே இந்த நாளைத்தானே! நீங்க ஜெபம் பண்ணுங்க, நான் பிடுங்கறேன்.”

பெல்ச்சர் ஓடி வந்தான். “லோக்னாலும் லேக்னாலும் அர்த்தம் ஒண்ணுதானே மேடம்?”

“ஒண்ணுதான்னா எதுக்கு சார் மாத்துனீங்க?”

பலகை சாய்ந்தது. கூட்டத்தில் ஒருவரும் தடுக்கவில்லை. ஒருவரும் கைகொடுக்கவும் இல்லை.

பெல்ச்சர் சொன்னதில் பாதி உண்மை. பள்ளத்தில் தேங்கிய நீரைக் குறித்த ஒரே தொல்வேரிலிருந்து பிறந்த சொற்கள் அவை. ‘லேக்’ லத்தீன், பிரெஞ்சு வழியாக ஊர் சுற்றி ஆங்கிலத்துக்குப் போனது. ‘லோக்’ எங்கள் தாய்மொழியான கேலிக் மொழியிலேயே தங்கிவிட்டது. ஏரியையும், நிலத்துக்குள் நுழைந்த கடலின் கையையும் அதே சொல்லால் அழைக்கிறோம். உறவுக்காரன் என்பதற்காக வீட்டுக்காரனை வெளியே தள்ளலாமா?

திங்களன்று வரைபடக்காரர் கேட்டபோது முதலில் பதில் சொன்னவர் தோர்க்கில். “லோக் நன் யாலா. அன்னங்களோட ஏரி. என் அப்பன் காலத்துலயும் அதான்.” ஓய்ரிக்கின் முகத்தை அவர் பார்க்கவில்லை. அவளும் நன்றி சொல்லவில்லை.

வரைபடம் தப்பியது. விடுதியின் விளம்பரத்தில் இன்னும் ‘சில்வர் லேக்’தான். இங்கே வந்தால், லோக் நன் யாலாவைப் பார்த்த அறை வேண்டும் என்று கேளுங்கள். புரியாததுபோல் விழித்தால், இன்னும் உரக்கக் கேளுங்கள்.