பீரோ கைப்பிடி

சேவூரில் கரண்ட் போனால் என் பவர்லூம் நின்றுவிடும். கை சும்மா இருக்காது. வண்டியை எடுத்துக்கொண்டு ஆரணி பஜாரில் இருந்த இரும்புச் சாமான் கடைக்குப் போவேன். அங்கேயும் கரண்ட் இருக்காது. அதை யாரும் பெரிதாக நினைப்பதில்லை.

கடைக்காரர் என்னைவிடப் பெரியவர். கல்லாவை விட்டு எழுந்திருக்க மாட்டார். "உள்ள போய்ப் பாருபா" என்பார். உள்ளே மரப்பெட்டிகள். கீல், தாழ்ப்பாள், எதற்கென்று தெரியாத வளையங்கள். இருட்டில் கையை விட்டுத் துழாவ வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கு, துரு, சில்லென்ற இரும்பு. தறிக்காரர்கள் நாலைந்து பேர் ஆளுக்கொரு பெட்டியில் கையை விட்டு நிற்போம். பேச்சு அதிகம் இராது.

நான் தேடியது பீரோ கைப்பிடி. என் மனைவி கலியாணத்துக்குக் கொண்டுவந்த மரப் பீரோ. ஒரு கதவின் கைப்பிடி உடைந்துவிட்டது. அந்த மாதிரி இப்போது வருவதில்லை. துணியைக் கட்டி இழுத்துத் திறப்பாள்.

நான் வீடு திரும்பியதும் கேட்பாள், "கெடச்சுதா?"

"இல்ல."

"அங்க தேடறீங்களா, குடித்தனம் பண்றீங்களா?"

கடைக்காரரும் விடமாட்டார். "உன் கைப்பிடி இன்னும் பொறக்கலபா. அடுத்த தபா வா."

போன மாசியில் கடையை விற்றுவிட்டார். முட்டி வலி. பிள்ளைகள் பெங்களூரில். சாமானெல்லாம் காயலாங்கடைக்கு, எடைக்கு. சேதி கேட்டதும் போனேன். ஓடுகிற தறியை நிறுத்திவிட்டு அங்கே போனது அன்றைக்கு மட்டும்தான்.

பெட்டிகளைத் தெருவில் கவிழ்த்துச் சாக்கில் அள்ளிக்கொண்டிருந்தார்கள். வெயிலில் அந்தச் சாமான்களை நான் பார்த்ததே இல்லை. சின்னதாகத் தெரிந்தன.

"ஜல்தியா பாருணா, வண்டி நிக்குது" என்றார் காயலாங்கடைக்காரர்.

குந்திக் கிளறினேன். கிடைத்தது. பூ இதழ் ஓரம், அதே வளைவு. எத்தனையோ தடவை என் விரல் அதன் மேல் பட்டிருக்கும்.

வாசலில் உட்கார்ந்திருந்த பழைய கடைக்காரர் அதை வாங்கி வேட்டி முனையில் துடைத்தார்.

"பொறந்துட்ச்சா?"

"ஆங்."

"இனிமே இந்தப் பக்கம் இன்னாத்துக்கு வரப்போற?"

"நீங்களே இருக்க மாட்டீங்களேண்ணா."

அவர் சிரிக்கவில்லை. கைப்பிடியை என் சட்டைப் பையில் போட்டார்.

வீட்டில் மாட்டினேன். பொருந்தியது. மனைவி கதவைத் திறந்து திறந்து மூடினாள். அவளுக்குச் சந்தோஷம். எனக்கு, கிடைக்காமலே இருந்திருக்கலாம் என்றிருந்தது.

மறுநாள் கரண்ட் போனது. வண்டிச் சாவியை எடுத்தேன்.

"எங்க கெளம்பிட்டீங்க?" என்றாள்.

சாவியைத் திரும்ப ஆணியில் மாட்டிவிட்டுத் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.