அவள் காது சொன்னால்தான் தங்கம்

என் மனைவிக்கு வேலை, ஊரார் உடம்பில் ஓட்டை போடுவது. காது, மூக்கு, புருவம், தொப்புள் என்று எங்கே கேட்டாலும் குத்திவிடுவாள். ஒரு நாற்காலி, ஒரு விளக்கு, ஊசிகளை ஆவியில் சுத்தம் செய்ய ஒரு சின்ன எந்திரம், அவ்வளவுதான் கடை. ஊருக்கே காது குத்துகிறவளுக்கு யாராலும் காது குத்திவிட முடியாது என்பதில் ஏகப்பட்ட பெருமை வேறு.

பெருமைக்குக் காரணம் இருக்கிறது. பத்தொன்பது வயதில் யாரோ தங்கம் என்று கொடுத்த தோட்டைப் போட்டு, காது சீழ் பிடித்து, இரண்டு மாதம் தலையணையில் தலை வைக்க முடியாமல் கிடந்தாளாம். உள்ளே மட்ட உலோகம், மேலே முலாம். அன்றிலிருந்து கலப்படம் பட்டால் அவள் தோல் ஒரே நாளில் காட்டிக் கொடுத்துவிடும். வேறொருத்தியாக இருந்தால் நகை ஆசையையே விட்டிருப்பாள். இவள் அந்தக் காதை நம்பிக் கடையே திறந்துவிட்டாள்.

மொத்த வியாபாரி கொண்டுவரும் ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு தோட்டை எடுத்துத் தன் இடது காதில் மாட்டிக்கொள்வாள். மூன்று நாள் காது சும்மா இருந்தால் பெட்டி அலமாரிக்குப் போகும். சிவந்தால் வந்த வழியே திரும்பும். "அதான் பின்னாடி முத்திரை இருக்கே" என்று ஒருமுறை வாயைக் கொடுத்தேன்.

"நாள் முழுக்க முத்திரை குத்துற ஆளோடதானே குடித்தனம் பண்றேன். அதோட லட்சணம் எனக்குத் தெரியாதா?" என்றாள்.

நான் தபால் அலுவலகத்தில் இருக்கிறேன். ஒரு திங்கட்கிழமை மத்தியானம் வரை வந்த தபாலில் எல்லாம் சனிக்கிழமைத் தேதியைக் குத்தியவன். 

மலிவாக ஏதாவது கேட்டு வரும் பெண்களுக்கும் அதே கண்டிப்புதான். "முலாம் பூசுனத சட்டையில குத்திக்கோ, நான் ஏன் கேக்கப்போறேன்? புதுசா போட்ட ஓட்டை புண்ணு மாதிரி. அதுக்குள்ள சுத்தமான தங்கந்தான் போகணும்" என்பாள். அக்கம்பக்கத்தில் இதே தொழில் செய்யும் ஐந்து கடைக்காரர்களும் அவள் காதைக் கேட்டுத்தான் சரக்கு எடுத்தார்கள்.

பன்னிரண்டு வருடமாக எங்களுக்குச் சரக்கு கொடுப்பவர் பெட்டிக்காரர். தகரப் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கியபடியே வருவதால் அந்தப் பெயர். அவர் தங்கத்துக்கு அவள் காது ஒருநாளும் சிவந்ததில்லை. போன மாதம் சிவந்தது.

"இவரும் இப்படி இறங்கிட்டாரு பாருங்க. நாளைக்கு வரச் சொல்லிப் பெட்டிய மூஞ்சில எறியப்போறேன். அஞ்சு கடைக்கும் சொல்லிடுவேன்" என்று குதித்தாள்.

சொன்னால் அவர் பிழைப்பு அன்றோடு போச்சு. அந்த நேரம் பார்த்து, கழுத்தில் தலைச்சாயம் ஒட்டியிருக்கிறதா பார்க்கச் சொன்னாள். அவளுக்குச் சாயம் பூசுவது என் பொறுப்பு. முடியைத் தூக்கினேன். தோடே போடாத வலது காதும் தக்காளியாகச் சிவந்திருந்தது. அதுவும் அரிக்காமல் இருந்திருக்காது. ஆனால் அந்தக் காதுக்கு அவளிடம் மரியாதை கிடையாது.

எனக்குப் பகீரென்றது. வழக்கமான சாயம் கடையில் இல்லையென்று வேறொன்றை வாங்கிவந்து, சொல்லாமல் பூசியவன் நான்தான். முடியை மெல்ல இறக்கிவிட்டேன். "ஒண்ணும் இல்ல" என்றேன்.

மறுநாள் காலை பெட்டிக்காரர் வந்தார். உட்காரவில்லை. ஒரு தோட்டை எடுத்து அவள் கண் முன்னாலேயே இரண்டாக வெட்டினார். உள்ளேயும் வெளியேயும் ஒரே நிறம்.

"என் காது பொய் சொல்லாதுண்ணே."

"எம் பொண்ணு மூக்குலயும் இதே தங்கந்தாம்மா இருக்கு" என்றார் அவர். அதற்கு மேல் வாதாடாமல், தோடுகளை ஒவ்வொன்றாகப் பஞ்சில் சுற்றிப் பெட்டியில் வைக்கத் தொடங்கினார். வெட்டிய துண்டுகளைக்கூட விடவில்லை. அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. எழுந்து போய் அவள் வலது பக்க முடியை ஒதுக்கிப் பிடித்தேன்.

"இந்தக் காதுல என்ன தங்கம் போட்டிருக்க? நான்தான் சாயத்த மாத்துனேன்" என்றேன்.

கண்ணாடியில் இரண்டு காதையும் மாறி மாறிப் பார்த்தாள். முகம் காதைவிடச் சிவந்தது. ஆனாலும் நேராக அவரிடம் போய் நின்றாள்.

"அண்ணே, உங்க தங்கம் சுத்தம். தப்பு என் மேலதான்."

"பன்னெண்டு வருஷத்துல இத நீங்க வாய் தொறந்து சொன்னதில்லம்மா" என்றார் அவர். "சிவக்கலன்னா அடுத்த பெட்டி எப்போன்னு கேப்பீங்க. அவ்வளவுதான்."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அவளுக்கும்தான். டீ வாங்கி வருகிற சாக்கில் நான் நழுவப் பார்த்தேன்.

"நில்லுங்க. இந்தக் காது சிவந்தது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

இப்பத்தான் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. பெட்டிக்காரர் என்னையே நன்றியோடு பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வைக்கு முன்னால் புளுக முடியவில்லை.

"நேத்து" என்றேன்.

அவள் கத்தினால் தேவலை என்று காத்திருந்தேன். கத்தவில்லை. பெட்டியை அவர் கையிலிருந்து வாங்கி அலமாரியில் வைத்தாள்.

"இருபது வருஷமா கூடவே இருக்கேன். இந்த ஆள ஒரு தடவகூட உரசிப் பாக்கல பாருங்கண்ணே" என்றாள், என் பக்கம் திரும்பாமலே.

பெட்டிக்காரர் சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை.