வடக்கு கேலரிச் சங்கு

அந்த ஊரில் இரண்டு சங்குகள் இருந்தன. ஒன்று நூல் ஆலையின் கூரைமேல் உட்கார்ந்துகொண்டு ஷிப்டு மாறும்போதெல்லாம் ஊளையிட்டது. இன்னொன்று அதே ஆலைக்குள் ஃபிட்டராக வேலை பார்த்தது. நூல் நூற்கும் கதிர்கள் எல்லாம் ஒரே நேரத்தில் சுழலும் கூடத்தில், பக்கத்தில் நிற்பவனிடம் ஸ்பேனர் கேட்பதற்கே அடிவயிற்றிலிருந்து கத்த வேண்டும். வருஷக்கணக்கில் அப்படிக் கத்திப் பழகிய தொண்டை, வீட்டில் உப்பு கேட்டாலும் தெருமுனை வரை போகும். "கொஞ்சம் மெதுவாக் கேளுங்க. எதிர்வீட்டுக்காரி உப்பு டப்பாவோட வந்து நிக்கப் போறா" என்பாள் மனைவி.

அந்தத் தொண்டைக்கு ஆலையை விட்டால் இன்னொரு இடம்தான் தோதுப்பட்டது: கால்பந்து மைதானத்தின் வடக்கு கேலரி. கோல் கம்பத்துக்கு நேர் பின்னால் இருக்கிற கேலரி அது. அங்கே போகிறவர்கள் உட்கார மாட்டார்கள். உட்கார்ந்தால் மானம் போய்விட்டதாக நினைப்பார்கள். முன் வரிசைக்குக் கீழே, வேலியோடு சேர்த்து, ஆள் ஏறி நிற்கிற மாதிரி ஓர் இரும்பு மேடை உண்டு. சங்கு அதன்மேல் ஏறி, மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்து நிற்பார். அவர் ஒரு வரி எடுத்துக் கொடுத்தால் கேலரி முழுவதும் அதை வாங்கித் திருப்பித் தரும். இரண்டு கையையும் உயர்த்தினால் சத்தம் ஏறும். இறக்கினால் அடங்கும். அவருடைய ஊர் அணி போட்ட கோல்களில் ஒன்றைக்கூட அவர் நேரில் பார்த்ததில்லை. எதிரில் இருக்கிற முகங்களில்தான் பார்ப்பார். பந்து வலைக்குள் போவதற்கு முந்தைய கணத்தில் எல்லா வாயும் ஒன்றாகத் திறக்கும். அதைப் பார்த்துவிட்டு, வேறெதையும் பார்க்கத் தேவையில்லை என்பார்.

மேடைக்குப் பின்னால், புல்தரை ஓரமாக, இன்னொரு ஆளும் மைதானத்துக்கு முதுகு காட்டி நிற்பாள். பச்சைச் சட்டை போட்ட காவல் பெண். ஆட்டம் தொடங்கும்வரை அவளுக்கு வாசலில் பை சோதிக்கிற வேலை. தொடங்கியபிறகு கேலரியைக் கண்காணிக்கிற வேலை. எல்லோருக்கும் அவள் வாசல் அக்கா. சங்கின் பையைத் தடவிப் பார்த்துவிட்டு ஒவ்வொரு முறையும் சொல்வாள்: "பை சரியாத்தான் இருக்கு. தொண்டையக் கழட்டிக் குடுத்துட்டுப் போங்க. இருக்கிறதுலயே ஆபத்தான சாமான் அதுதான்."

"அதக் குடுத்துட்டா அப்புறம் நான் எதுக்கு உள்ள போறது?"

"வந்து என்கூட நில்லுங்க. நானும் ஒரு ஆட்டமும் பாத்ததில்ல."

சங்குக்குப் பிள்ளை இல்லை. ஆனால் வளர்க்க ஒருவன் இருந்தான். மனைவி வாழ வந்தபோது கூடவே அவளுடைய தம்பியும் வந்தான். தாய் இல்லாதவன். கைக்குழந்தையிலிருந்து அக்காள்தான் அவனைத் தூக்கி வளர்த்தவள். "பொண்ணோட வந்த ஒரே சீர் இவன்தான்" என்று சங்கு ஆலையில் சொல்லிச் சிரிப்பார். தோளில் தூக்கிவைத்து அவனை வடக்கு கேலரிக்குக் கூட்டிப்போனதும் அவர்தான். அவன் வளர்ந்தான், மீசை வந்தது, மோட்டார் பைக் ஒர்க்‌ஷாப்பில் வேலைக்குச் சேர்ந்தான். கேலரியில் அவனுக்கும் ஒரு பெயர் கிடைத்தது: பொறி. கையில் பிடித்தால் சிவப்பாய்ப் புகைந்து எரிகிற தீக்குழலை உள்ளே கடத்துவதில் அவனை மிஞ்ச ஆளில்லை. பெல்ட்டுக்குள், ஷூவுக்குள், ஒருமுறை மாவுக்கட்டு போட்ட காலுக்குள்கூட. அவனைச் சுற்றி ஒரு கும்பல் சேர்ந்தது. தோற்றால் நாற்காலியைப் பிடுங்கி எறிவார்கள். ஜெயித்தாலும் எறிவார்கள்.

"என்ன மாப்ளே, நாற்காலி உனக்கு என்ன பாவம் பண்ணுச்சு?" என்று சங்கு கேட்பார்.

"ஒரு இதுக்குத்தான் மாமா" என்பான்.

அந்த "ஒரு இது" என்னவென்று சங்கு நோண்டவில்லை. இளரத்தம், தானாக அடங்கும் என்று விட்டுவிட்டார்.

சங்கு பாட்டுக் கட்டுவதில் கெட்டிக்காரர். ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊர் அணியில் நெட்டையாக ஒரு கோல்கீப்பர் இருந்தார். நல்ல ஆட்டக்காரர்தான், ஆனால் முன்னால் ஓடிவந்துவிட்டுத் திரும்ப மறந்துவிடுவார். அவருக்காக சங்கு கட்டிய பாட்டு ஊரெல்லாம் பிரபலம்.

*கோல் கதவைச் சாத்தலையே, கோலி மாமா — வீட்டுக்*
*கதவையாச்சும் சாத்தினியா, கோலி மாமா?*

முதல்தடவை பாடியபோது அந்த மனிதர் திரும்பிப் பார்த்து, சட்டைப்பை இருக்கிற இடத்தைத் தடவி, சாவி இருக்கிறது என்பதுபோல் கையை ஆட்டிக் காட்டினார். கேலரியே குலுங்கிச் சிரித்தது. முன்வரிசைக்காரர்கள் நடித்துக் காட்டித்தான் சங்குக்கு விஷயம் தெரிந்தது. எதிரியாக இருந்தாலும் இப்படி ஒரு ஆள் வேண்டும் என்று சங்கு வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார்.

அந்தக் கோல்கீப்பரின் சின்ன மகள் காய்ச்சலில் இறந்துபோனாள். பேப்பரில் படத்தோடு வந்தது. சில வாரங்கள் அவர் ஆடவில்லை. பிறகு, இந்த ஊரில் நடக்கிற ஆட்டத்துக்குத்தான் முதன்முதலாகத் திரும்பி வருகிறார் என்று செய்தி வந்தது.

ஆலைக்கு எதிரே இருந்த டீக்கடையில் பொறியும் அவன் கூட்டாளிகளும் மேஜையைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். ஷிப்டு முடிந்து வந்த சங்கு வாசலிலேயே நின்றுவிட்டார். மெட்டு அவருடையது. வார்த்தை வேறு.

*வீட்டுக் கதவைச் சாத்தலையே, கோலி மாமா — பெத்த*
*பொண்ணு எங்கே போயிருச்சு, கோலி மாமா?*

சங்கு உள்ளே போய்ப் பொறியின் கையை மேஜையோடு சேர்த்து அழுத்தினார். "இத எவன்டா கட்டினது?"

"நான்தான். எப்படி மாமா, பொருந்துது இல்ல?"

"செத்துப்போன புள்ளையடா."

"அவனை நிலைகுலைய வைக்கணும் மாமா. அதானே நம்ம வேலை? நீங்க மட்டும் என்ன, ஆரத்தியா எடுத்தீங்க அவனுக்கு?"

"இத ஒருத்தன் பாடினாலும் நான் மேல ஏற மாட்டேன். சொல்லிட்டேன்."

பொறி சிரித்தான். "சரி மாமா, சரி. சும்மா ஒரு விளையாட்டுக்கு. டீ குடிங்க." கூட்டாளிகளும் சிரித்தார்கள். சங்கு டீ குடித்தார். தான் ஏறாவிட்டால் பாட்டே எழும்பாது என்று அவர் நம்பினார். அத்தனை காலம் அப்படித்தானே நடந்தது.

ஆட்டத்தன்று அவர் மேடையில் ஏறினார். பழைய பாட்டுகளாகவே எடுத்துக் கொடுத்தார். கேலரியும் வாங்கிக்கொண்டது. இடைவேளைக்குப் பிறகு பக்கம் மாறி, அந்த நெட்டை மனிதர் வடக்கு கம்பத்துக்கு வந்தார். இவர்கள் அணி ஒரு கோல் பின்தங்கியிருந்தது. மேல் வரிசையில் எங்கோ மேளம் மாறியது. சங்கு தலையைத் தூக்கிப் பார்த்தார். பொறி இரண்டு பேர் தோள்மேல் நின்றுகொண்டிருந்தான்.

முதலில் பத்துப் பேர் பாடினார்கள். பிறகு ஒரு வரிசை. மெட்டு எல்லோருக்கும் பழக்கமானது என்பதால், வார்த்தை காதில் விழுந்த மாத்திரத்தில் வாய்க்கு வந்துவிட்டது. சங்கு வேறு பாட்டை எடுத்துக் கத்திப் பார்த்தார். எந்த இயந்திரத்தையும் மிஞ்சுகிற அந்தத் தொண்டை அன்று அவருக்கே கேட்கவில்லை. "வேண்டாம்! நிறுத்துங்கடா!" என்று இரண்டு கையையும் தலைக்குமேல் வீசினார். கை உயர்ந்தால் சத்தம் ஏற்ற வேண்டும் என்பதுதான் அந்தக் கூட்டத்துக்குத் தெரிந்த ஒரே பாடம். ஏற்றியது. ஆலைக்காரர்கள், கடைக்காரர்கள், பிள்ளை குட்டி பெற்றவர்கள், அவர் தினமும் வணக்கம் சொல்கிற மனிதர்கள், எல்லோரும் அவர் கண்ணைப் பார்த்துக்கொண்டே, அவர் சொல்லித்தான் பாடுவதுபோல் பாடினார்கள்.

வாழ்நாளில் முதல்முறையாக அவர் மைதானத்துப் பக்கம் திரும்பினார். கோல்கீப்பர் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு புல்லில் உட்கார்ந்துவிட்டார். பந்து அவரைத் தாண்டி உள்ளே உருண்டது. சங்கு கண்ணால் கண்ட முதல் கோல் அதுதான்.

கேலரி வெடித்தது. நாற்காலிகள் பறந்தன. பொறி வேலி வரைக்கும் இறங்கி வந்திருந்தான். சங்குக்கு ஒரு கை தூரம். அவன் கையில் தீக்குழல் எரிந்துகொண்டிருந்தது. அவன் அதை யாரையும் குறிவைத்து எறியவில்லை. கோல் விழுந்த சந்தோஷத்தில் வீசினான். கூட்டத்தைத் தடுக்க வேலியோரம் ஓடிவந்த வாசல் அக்காவின் முகத்தில் அது விழுந்தது.

ஆஸ்பத்திரியில் அவளுடைய இடது கண்ணை எடுத்துவிட்டார்கள். சங்கு போனபோது பாதி முகம் கட்டுக்குள் இருந்தது.

"அந்தப் பாட்டு உங்களுதுதானே?" என்றாள்.

"நான் கட்டினது வேற வார்த்தை."

"மெட்டு உங்களுது. நல்ல மெட்டு. அதான் கேடு. வலியில படுத்திருக்கேன், அப்பவும் அதுதான் வாயில வருது. எத்தனை தடவை துப்பினாலும் வருது."

சங்கு வாங்கி வந்த பழத்தை மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்தார்.

வீட்டில் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவர் எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"யார் எறிஞ்சான்னு வேற யாருக்காவது தெரியுமா?"

"பாத்தவங்க வாயத் திறக்க மாட்டாங்க."

"அப்ப நீங்களும் திறக்காதீங்க. போன கண்ணு போனதுதாங்க. இவனைக் கொண்டுபோய் உள்ள வெச்சா அது திரும்ப முளைக்குமா? இவன் என் வயித்துல பொறக்கலைன்னாலும் என் கையில வளந்தவன். உங்க கையிலயும்தான்."

"அதனாலதான் ஸ்டேஷனுக்குப் போறேன்" என்றார் அவர்.

"போங்க. போய்ட்டு வரும்போது நான் இருக்க மாட்டேன்."

சொன்னபடியே அவள் இல்லை. அவர் சட்டைகளை மடித்துவைத்துவிட்டு, தம்பி வாடகைக்கு எடுத்திருந்த அறைக்குப் போய்விட்டாள்.

போலீஸ் ஸ்டேஷனிலாவது அவர் பேச்சு எடுபட்டதா? அதுவும் இல்லை. இன்ஸ்பெக்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, டிவியில் வந்த காட்சியை ஓடவிட்டார். புகைக்கு நடுவே பொறியின் முகம் தெரியவில்லை. தெளிவாகத் தெரிந்தது ஒரே ஆள். மேடைமேல் நின்று, இரண்டு கையையும் வீசி, அந்தக் கொடூரத்தை ஆயிரம் வாயிலிருந்து வரவழைக்கிற ஆள்.

"இது யாரு?"

"நான்தான். நிறுத்தச் சொல்லித்தான் சார் கையக் காட்டினேன்."

"நிறுத்தச் சொல்றவன் இப்படியா காட்டுவான்?" இன்ஸ்பெக்டர் தன் கையை உயர்த்தி வீசிக் காட்டினார். பக்கத்து மேஜைக்காரர் சிரித்தார். "இதுல மச்சினன் மேல பழியப் போடுறீங்க. வயசுக்குத் தகுந்தாப்ல நடந்துக்கங்க."

பொறியை ஒரு பகல் உட்காரவைத்து விசாரித்துவிட்டு அனுப்பினார்கள். கும்பலில் இருந்த அத்தனை பேரும், பாட்டை ஆரம்பித்தது சங்குதான் என்று ஒரே வாயாகச் சொன்னார்கள். பாதிப் பேர் பொய் சொல்லவில்லை என்பதுதான் கொடுமை. அவர்கள் கண்ணுக்கு அப்படித்தான் தெரிந்திருந்தது. சங்கு இனி ஆயுளுக்கும் மைதானத்துக்குள் நுழையக்கூடாது என்று கிளப் அறிவித்தது. ஆலையில் கேன்டீனில் அவர் உட்கார்ந்த பெஞ்சு காலியாகவே இருந்தது. குழந்தையை இழந்தவனைப் பாட்டுப் பாடி விரட்டியவன் என்றார்கள், பாடியவர்களே.

அந்தக் கோல்கீப்பர் ஆட்டத்தை விட்டுவிட்டார். வாசல் அக்காவுக்குக் கிளப் வேலை தரவில்லை. ஒற்றைக் கண்ணால் கூட்டத்தைக் கவனிக்க முடியாதாம். சங்கு இன்னொரு தடவை அவளைப் பார்க்கப் போனார். அவள் புருஷன் வாசலிலேயே நின்று, கதவைச் சாத்தாமல், திறக்கவும் விடாமல், "அவ தூங்குறா" என்றான். உள்ளே அவள் யாருடனோ பேசுகிற குரல் கேட்டது.

கேலரியைச் சில ஆட்டங்களுக்கு மூடிவைத்துவிட்டு, உயரமாக ஒரு வலையைக் கட்டித் திறந்தார்கள். மேடையில் இப்போது பொறி நிற்கிறான் என்று கேள்விப்பட்டார். பழைய பாட்டுகளோடு அந்தப் பாட்டும் நடக்கிறதாம். அந்தக் கோல்கீப்பர் இல்லாவிட்டால் என்ன, எந்த ஊர்க் கோல்கீப்பர் வந்தாலும் அதே பாட்டுத்தான். எதற்காக எழுந்தது என்று தெரியாத பிள்ளைகள் தெருவில் கயிறு தாண்டும்போதுகூட அதைப் பாடினார்கள். ஒருநாள் சங்கு அவர்களை அதட்டிப் பார்த்தார். அவருடைய சத்தத்தில் ஒரு குழந்தை பயந்து அழுதுவிட்டது. அதன் தாய் வந்து அவரைத் திட்டிவிட்டுக் குழந்தையைக் கூட்டிப்போனாள்.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் ஒரு மாலை பொறி வீட்டுக்கு வந்தான். கையில் தூக்குச்சட்டி.

"அக்கா குழம்பு குடுத்தனுப்புச்சு மாமா. நீங்க ஒழுங்காச் சாப்பிடுறதில்லைன்னு யாரோ சொன்னாங்களாம்."

"வெச்சுட்டுப் போ."

அவன் போகவில்லை. உட்கார்ந்தான். "எனக்கு உங்க மேல கோபம் இல்ல மாமா. நீங்க ஸ்டேஷனுக்குப் போனது, சொன்னது, எல்லாத்தையும் மறந்துட்டேன். நீங்களும் மறந்துடுங்க. அக்கா திரும்பி வரும்."

சங்கு அவனைப் பார்த்தார். குற்றம் செய்தவனின் முகத்தைத் தேடிப்பார்த்தார். அங்கே அது இல்லை. தோளில் தூக்கிப்போனபோது பார்த்த அதே தெளிந்த முகம்தான் இருந்தது.

"அந்தப் பொம்பள எப்படி இருக்கான்னு விசாரிச்சியாடா?"

"எந்தப் பொம்பள?"

"வாசல்ல பை பாக்கிறவங்க."

"ஓ, அவங்களா?" அவன் உண்மையாகவே யோசித்தான். "இப்ப வேற ஆளு வந்துட்டாங்க மாமா. இவங்க ரொம்ப ஸ்ட்ரிக்ட் இல்ல. நல்ல மாதிரி."

சங்கு தூக்குச்சட்டியை எடுத்துப்போய்க் குழம்பை வேறு பாத்திரத்தில் ஊற்றினார். சட்டியைத் தேய்த்துக் கழுவி, துடைத்து, வெறும் சட்டியாக அவனிடம் நீட்டினார். அவன் வாங்கிக்கொண்டு, "வரேன் மாமா" என்று படியிறங்கினான். பைக் கிளம்புகிற சத்தம் கேட்டது. அவர் கதவருகிலேயே கொஞ்சநேரம் நின்றுவிட்டு, உள்ளே போய் விளக்கைப் போடாமல் சாப்பிட உட்கார்ந்தார்.