லூயிஷாமில் நனைந்த சப்பாத்தும் சீனத்துக் கல்பாலமும்

இன்று லண்டன் லூயிஷாமில் கோவில் வாசலில் சப்பாத்துக் கள்ளன் என்று பெயர் எடுக்கப் பார்த்தேன். காரணம் சீனாவில் இருக்கிறது.

போன மாதம் நானும் மனைவியும் சுவான்சோ நகரில் லோயாங் பாலம் பார்க்கப் போனோம். ஆயிரம் வருடத்தை நெருங்கும் கல்பாலம். முகப்பில் வாளோடு கல் வீரர்கள்.

"துவாரபாலகர் மாதிரியெல்லே நிக்கினம். சப்பாத்தைக் கழட்டுங்கோ," என்றாள் மனைவி.

கழற்றி ஓரமாக வைத்தோம். வேறு ஒருவரும் கழற்றவில்லை என்பதைப் பாதிப் பாலத்தில்தான் கவனித்தேன். அதற்குள் மழை.

ஓடி வந்தால் சப்பாத்துகளை வைத்த இடத்தில் காணவில்லை. அவை பாலத்தின் கரையில் சிப்பி உடைத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் பக்கத்தில் இருந்தன. தன் குடையை அவற்றுக்கு விரித்து வைத்துவிட்டு, அவர் நனைந்துகொண்டிருந்தார். சீன மொழியில் எனக்குத் தெரிந்தது நன்றி மட்டும். அதை நாலு தரம் சொன்னேன். சிரித்தார்.

இன்று கோவிலில் சப்பாத்துத் தட்டு நிரம்பி, ஒரு சோடி வெளியே மழையில் கிடந்தது. அந்தப் பெண்ணை நினைத்துக்கொண்டு அதை உள்ளே வைக்கத் தூக்கினேன்.

"தம்பி, அது என்ரை சப்பாத்து." பின்னால் ஓர் ஐயா.

"ஓம் ஐயா, நனையுது எண்டு எடுத்தனான்."

அவர் என் கால்களைப் பார்த்தார். "உமக்கும் ஒன்பது சைஸோ?"

ஒன்பதுதான்.

ஐயாவில் எனக்குக் கோபமில்லை. பாலத்தின் கரையில் அந்தப் பெண்ணை முதலில் நானும் அப்படிச் சந்தேகத்தோடுதான் பார்த்தேன். அதற்கும் சேர்த்துத்தான் அவர் அன்று சிரித்திருக்கிறார்.

கோவிலில் சப்பாத்துத் தொலைத்தவர்கள் கீழே எழுதுங்கள். சைஸையும் போடுங்கள், ஒன்பது இல்லையென்றால் எனக்கு நிம்மதி.