அம்மா சாய்ந்திருந்த சுவர்

வாய்க்கால் கரையில் சித்தி முன்னால் நடந்தாள். துணிப்பையைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் போனேன். கொஞ்ச தூரம் நடப்பதும் நின்று மூச்சு வாங்குவதுமாக இருந்தாள். நின்றபோதெல்லாம் திரும்பி எங்கள் வீட்டைப் பார்த்தாள். பின்னால் யாரும் வரவில்லை. நானும் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். அவளை ராதாபுரத்தில் அவள் அம்மா வீடு வரை கொண்டுபோய் விடச் சொல்லி அப்பா என்னை அனுப்பியிருந்தார்.

அம்மா செத்து வருஷம் திரும்புமுன் அப்பா கட்டிக்கொண்டு வந்தவள் சித்தி. என்மேல் பிரியமாகத்தான் இருந்தாள். எங்கள் வீடு சேரன்மகாதேவிப் பக்கம், வாய்க்காலை ஒட்டி இருந்தது. கரைமண் பின்சுவரில் பாதி உயரத்துக்கு ஏறிக் கிடக்கும். கடைசி மாதங்களில் அம்மாவுக்குப் படுத்தால் மூச்சு முட்டும். அந்தச் சுவரின் உள்பக்கம் சாய்ந்து உட்கார்ந்தே இருமினாள், உட்கார்ந்தபடியே போனாள். சித்தி வந்த வருஷம் வாய்க்காலில் தண்ணீர் விட்ட பிறகு, அவள் சாய்ந்திருந்த இடத்தில் கறுப்பாகப் படர்ந்தது. முதலில் தலை. பிறகு ஒருபக்கம் சரிந்த தோள்.

"ஏட்டி, அது பூசணம். இதுக்குப் போயி பயப்படுதே" என்றார் அப்பா சித்தியிடம்.

பைக்கில் பினாயில் விற்க வருகிறவர் பிளீச்சிங் பாட்டில் ஒன்றை எடுத்து நீட்டினார். "இத ஊத்திப் பாரும் அண்ணாச்சி. சுவரென்ன, ஒம்ம மாமியாரே வெளுத்துருவா வே!"

அப்பா ஊற்றித் தேய்த்தார். மறுநாள் கண் எரிந்தது, சுவர் வெள்ளையாக இருந்தது. சித்தி சந்தோஷமாக உளுந்தஞ்சோறு பொங்கினாள்.

அடுத்த வாரமே தலை வந்துவிட்டது. அதே இடம், அதே சாய்வு. அப்பா மறுபடி தேய்த்தார். மறுபடி வந்தது. இந்த முறை தோளுக்குக் கீழே கை மாதிரியும் ஒன்று இறங்கியிருந்தது.

ஒரு மத்தியானம் பள்ளிக்கூடம் விட்டு வந்தால், உள்ளே சித்தி யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, ஒங்க பிள்ளைக்குச் சோத்துல கொறை வச்சனா? எதுக்கு இப்பிடி வந்து வந்து நிக்கிய?"

பிறகு இருமினாள். வறட்டு இருமல் இரண்டு, நெஞ்சில் ஒரு கை, வாயைத் திறந்துகொண்டு அடுத்த மூச்சுக்காக ஒரு காத்திருப்பு. அது அம்மாவின் இருமல். நான் வாசற்படி தாண்டவில்லை.

பக்கத்து வீட்டு அத்தை வந்து பார்த்துவிட்டு, "மூத்தவ ஒம்மேல எறங்கிட்டாட்டி. இங்கனயே கெடந்தா ஒன்னையும் கூட்டிட்டுப் போயிருவா" என்றாள். மறுநாளே சித்தி துணிகளைப் பையில் அடுக்கினாள்.

பிற்காலத்தில் ஊர் ஊராகச் சுற்றியபோது வெள்ளையடிக்கிற வேலையும் பார்த்தேன். பிளீச்சிங் கறுப்பை எடுக்கும், அவ்வளவுதான். காரைச் சுவருக்குள் இறங்கிய பூசணம் உள்ளேயே கிடக்கும். ஊற்றிய தண்ணீரையும் குடித்துக்கொண்டு திரும்ப வரும். ஈரம் வருகிற வழியை அடைக்காமல் எதை ஊற்றியும் பிரயோஜனமில்லை. அந்தக் காற்று நெஞ்சுக்கும் ஆகாது. அம்மா சாய்ந்திருந்தபோதே அவள் முதுகுக்குப் பின்னால் அது இருந்திருக்க வேண்டும்.

இதெல்லாம் அன்று எனக்குத் தெரியாது. ராதாபுரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் காற்று வறண்டு அடித்தது. அன்று ராத்திரி சித்தி அதிகம் இருமவில்லை. அம்மாவுக்கு இந்த ஊருக்கு வழி தெரியாது என்று நினைத்துக்கொண்டேன். அந்த வீட்டில் இன்னொரு வாய்க்குச் சோறு இல்லை என்பது மட்டும் வந்த உடனே தெரிந்துபோயிற்று.

அந்தச் சுவர் இருக்கிற வீட்டுக்குத் தனியாகத் திரும்பவும் பயம். மறுநாள் காலை முருங்கைக்காய்க் கமிஷன் கடையில் காய்களைக் கட்டுப் போடும் வேலையில் சேர்ந்தேன். கடை அண்ணாச்சி தன் போனில் அப்பாவிடம் பேசக் கொடுத்தார்.

"சுவரு பளிச்சுனு இருக்குலே. ரெண்டு பாட்டில ஊத்திட்டேன். இனி வராது. சித்திய கூட்டிட்டு வந்திரு" என்றார் அப்பா. சொல்லும்போதே இரண்டு முறை இருமினார். பிறகு அடுத்த மூச்சு வரக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

அப்பாவுக்குச் சளி, தடிமன் பிடித்திருக்கிறது என்று நினைத்தேன். அம்மா போய்விட்டாள், இனிப் பயமில்லாமல் திரும்பலாம் என்று சித்தியிடம் போய்ச் சொல்ல எனக்கு அவசரம். கட்டுகளை வேகவேகமாகப் போட்டேன்.