அழித்த பிறகும் ஓடிய ஃபைல்

என் கையெழுத்து கோணலாக இருக்கும், எழுத்துப் பிழையும் இருக்கும். ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றது. பிறகு போர்வெல் போடும் ரிக் வண்டியின் ராடு வலது கையில் இரண்டு விரல்களைக் கொண்டுபோய்விட்டது. பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

இந்தத் தான்சானியாவில் கால் தடுக்கினால்கூட வழியில் போகிற யாராவது "போலே" என்பார்கள். உன் வலிக்கு வருந்துகிறேன் என்று அர்த்தமாம். என் விரல்கள் போன அன்று ஆஸ்பத்திரி வாசலில் நின்ற அத்தனை பேரும் அதைச் சொன்னார்கள். இவர்கள் எதற்கு மன்னிப்புக் கேட்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. எங்கள் புதுச்சத்திரம் பக்கம் அடித்தவனே கேட்கமாட்டான்.

என் தம்பியை அங்கேதான் அடித்துக் கொன்றார்கள். பெரிய தோட்டத்துக்காரர்களின் வண்டித்தடத்தில் மோட்டார் சைக்கிளில் போனான் என்பது குற்றம். பட்டப்பகல், எதிரே டீக்கடை நிறைய ஆட்கள். நான் அப்போது ரிக் வண்டியோடு சத்தீஸ்கரில் இருந்தேன். வந்து சேர்வதற்குள் தடத்தைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டார்கள். மண்டை பிளந்து கிடந்தவனைப் பற்றி டீக்கடையில் ஒவ்வொருவரும் ஒன்றுபோலச் சொன்னார்கள்: "நாங்க பாக்கலீங்க." கேஸ் அதோடு முடிந்தது.

விரல்கள் போன பின் என்னை ரிக் யார்டில் கேமரா பார்க்க உட்கார வைத்தார்கள். காசு கொடுக்காமல் கிடைக்கும் என்று அந்தக் கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டிருந்தார்கள். மவுஸைப் பிடித்தால் கை சுண்டி இழுக்கும். கேமரா ரிப்பேருக்கு வரும் நீமா என்ற பெண் அதைப் பார்த்து "போலே, காக்கா" என்றாள். காக்கா என்றால் அண்ணன். மவுஸைத் தள்ளி வைத்துவிட்டு, கறுப்புத் திரையைத் திறந்து எழுத்தில் கட்டளை போடக் காட்டினாள். இங்கிலீஷ் எழுத்து மட்டும் எனக்குத் தெரியும், லாரி நம்பர் படித்துப் பழகியது. அது போதுமாக இருந்தது. எல்எஸ் என்றால் என்னென்ன இருக்கிறது என்று காட்டும். சிபி என்றால் நகல் எடுக்கும். ஆர்எம் என்றால் அழிக்கும். கேள்வி கேட்காமல் அழிக்கும்.

ஒரு நாள் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பாட்டு ஃபைலை அழித்துக் காட்டினாள். பெயர் போய்விட்டது, பாட்டு நிற்கவில்லை. செத்துப்போச்சா என்று வானத்தைக் காட்டிக் கேட்டேன். நான் ஸ்பீக்கரைக் காட்டுவதாக நினைத்து அவள் தலையாட்டிவிட்டு, மேலே மாட்டியிருந்த அதன் சத்தத்தைக் கூட்டினாள். பிறகுதான் மெதுவாகப் புரிய வைத்தாள். அழிவது பெயர் மட்டும். ஏதாவது ஒரு புரோகிராம் அந்த ஃபைலைப் பிடித்துக்கொண்டிருக்கும் வரை அது உள்ளே உயிரோடு இருக்கும். புரோகிராமை நிறுத்தினால்தான் சாவு. பிடித்திருக்கும் இடத்தைத் தேடி நகல் எடுக்கும் வழியையும் சொல்லித் தந்தாள்.

கெங்கவல்லியில் இருந்து ரிக் வேலைக்கு வந்த செல்வம், ஊருக்குப் போக வேண்டும், பாஸ்போர்ட்டைக் கொடுங்கள் என்று மேனேஜரிடம் கேட்டான். மேனேஜர் எங்கள் பக்கத்துத் தோட்டத்துக்காரர் வீட்டுப் பையன். கையில் இருந்த பைப் ரெஞ்சாலேயே அடித்தான். முதல் அடி தோளில், அடுத்தது காதில். விழுந்தவனை எழவிடாமல் முதுகில் அடித்தான். எலும்பு முறிந்த சத்தம் உள்ளே உட்கார்ந்திருந்த எனக்குக் கேட்டது. இரண்டு பேர் செல்வத்தை ஜீப்பில் தூக்கிப் போட்டார்கள். இன்னொருவன் ஓஸைத் திறந்து ரத்தத்தைக் கழுவினான். நான் திரையில் அந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேனேஜர் உள்ளே வந்தான். மவுஸை எடுத்து அன்றைய பதிவை அழித்தான், குப்பைக் கூடையையும் காலி செய்தான். ரெஞ்ச் இன்னும் கையில் இருந்தது. "ரிக்கு மேல இருந்து உழுந்துட்டான். நீங்க பாக்கல, சரிங்களா சாமி? அந்தப் பொட்டிய ஆஃப் பண்ணிட்டு ஊட்டுக்குப் போங்க."

ஆஃப் செய்தால் பதிவு போகும், செல்வம் விழுந்தவனாகவே ஊர் போய்ச் சேருவான். கேமரா புரோகிராம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. கறுப்புத் திரையைத் திறந்து தேடினேன். 'அழிக்கப்பட்டது' என்ற குறிப்போடு அந்த ஃபைல் நின்றது. என் சட்டைப்பையில் இருந்த பென் டிரைவைச் செருகி, மீதி விரல்களால் தட்டினேன். தப்பாக வந்தது. மறுபடி தட்டினேன்.

"என்னய்யா இது, எழுத்தா ஓடுது?"

"மூடறதுக்கு முன்னால இப்படித்தானுங்க வரும்."

அவன் மூச்சு என் பிடரியில் பட்டது. நகல் முடிந்தது. ஆஃப் செய்தேன்.

மறுநாள் நீமாதான் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனாள். முழுவதும் பார்த்த அதிகாரி என்னிடம் "போலே" என்றார். மேனேஜரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். செல்வத்துக்கு ஒரு காது கேட்காது, ஆனால் நடந்ததை அவனே தன் வாயால் சொன்னான்.

நான் இப்போது நீமாவின் கடைக்குப் பின்னால் ஓர் அறையில் இருக்கிறேன். ஊரில் இருந்து மனைவி போன் செய்தாள். "ஏனுங்க, இப்பத்திக்கு வராதீங்க. நம்மூட்டு முன்னால தோட்டத்துக்காரங்க ஆளுக வண்டியில வந்து நின்னு பாத்துட்டுப் போறாங்க. கதவுல அருவா வெட்டு இருக்குதுங்க." அவளையும் பிள்ளைகளையும் அவள் அண்ணன் வீட்டுக்குப் போகச் சொன்னேன். எங்கள் வீடு பூட்டிக் கிடக்கிறது.

தேதி போட்டு முடிக்கலாம் என்று கறுப்புத் திரையில் டேட் என்று தட்டினேன். வெள்ளிக்கிழமை, இரவு ஒன்பதே முக்கால். ஊர் நேரத்தைக் கேட்கிற மாதிரி மாற்றித் தட்டினேன். அங்கே சனிக்கிழமை பிறந்து கால் மணி நேரம் ஆகியிருந்தது. எதைப் போடுவது என்று தெரியவில்லை. இரண்டையும் போடுகிறேன்.

இங்கே ஆகஸ்ட் 8, வெள்ளி.
வீட்டில் ஆகஸ்ட் 9, சனி.