மச்சானின் போத்தலும் என் புத்தியும்

போன வியாழக்கிழமை காலை கல்முனையில் மட்டக்களப்பு பஸ்ஸில் ஏறினோம் — நான், என் தங்கை சுலைகாவின் புருஷன் அலியார், கூடவே ஒரு சின்னப் போத்தல்.

போத்தலில் என்ன என்று கேட்கிறீர்களா? எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. அலியாரின் சிறுநீர். விடிந்ததும் முதலில் போகிற நீர்தான் வேண்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். ஒரு பழைய மருந்துப் போத்தலைக் கழுவி, அதில் பிடித்து, கார்க்கால் அடைத்து, பேப்பரில் சுற்றி, ஓலைப் பைக்குள் வைத்துக் கொண்டுவந்தான். அந்தப் பையை மடியில் வைக்க அவனுக்கு மனமில்லை. காலடியில் வைக்கப் பயம். பஸ் குழியில் விழுந்து எழும்பும்போதெல்லாம் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டே வந்தான்.

விஷயம் இதுதான். அலியார் மருதமுனையில் தறியில் நெய்கிறவன். சிங்கப்பூரில், இடுப்பில் உடுக்கும் சாரம் நெய்யும் கம்பனி ஒன்று அவனை வேலைக்கு எடுத்திருக்கிறது. ஆனால், உடம்பில் குறை ஒன்றும் இல்லை என்று, கம்பனி குறித்த டாக்டரிடம் சேர்டிபிகேட் வாங்கி அடுத்த வெள்ளிக்குள் அனுப்ப வேண்டும். பிந்தினால் வேலை வேறு ஆளுக்கு!

அவனுக்கு மூன்று பெண் பிள்ளைகள். எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளை என்றால் ஒரு வீடு என்று அர்த்தம். கலியாணத்துக்கு முன் அவள் பேரில் ஒரு வீடு எழும்பியாக வேண்டும். தறி மிதித்து மூன்று வீடு கட்டுவதா? நடக்கிற காரியமா?

இவ்வளவு இருந்தும், டாக்டரிடம் போகமாட்டேன் என்று அந்த மனிதன் மூன்று கிழமையாக ஒற்றைக்காலில் நின்றான்.

"அங்க சாரத்த அவுக்கச் செல்லுவாங்களாம் மச்சான். தொப்புளுக்கும் முழங்காலுக்கும் நடுவுல ஒரு அன்னிய மனிசனுக்குக் காட்டலாமா? அதோட மூத்திரத்தப் போத்தல்ல அடச்சித் தூக்கிட்டுத் திரியிறதா? நஜீஸ் இல்லயா?"

நஜீஸ் என்றால் தொழுகைக்கு ஆகாத அசுத்தம். நான் சிரித்தேன். பள்ளிக்கூட வாத்தியார் அல்லவா… எல்லாம் தெரிந்தவன் அல்லவா!

"ஓம் மச்சான், உங்கட தொப்புளப் பாக்கத்தான் சிங்கப்பூர்ல இரிந்து கப்பல் அனுப்புறானுகள்" என்று பகிடி பண்ணினேன்.

கடைசியில் அவனே போய், மார்க்கம் படித்த ஆலிமிடம் கேட்டான். "தேவைக்கு ஆகும். தேவைக்கு மேல ஒரு விரல்கூட ஆகா" என்று அவர் தீர்ப்புச் சொன்னார். அந்த ஒரு விரலை நினைத்து நினைத்து, அரை மனதோடுதான் அலியார் புறப்பட்டான்.

மட்டக்களப்பில் இறங்கியபோது நடுப்பகல் லுஹர் தொழுகைக்கு நேரம் நெருங்கியிருந்தது. டாக்டர் வர இரண்டு மணியாகும். தொழுதுவிட்டுப் போவோம் என்று பள்ளிவாசலுக்கு நடந்தோம். வாசலில் அலியார் நின்றுவிட்டான்.

"இத வெச்சிட்டுத் தொழ ஏலா. வெளியில வெச்சா ஆரும் தூக்கிடுவான். நான் தொழுதிட்டு வாறன், நீங்க புடிச்சிட்டு நில்லுங்க. பொறகு நீங்க போங்க."

நின்றேன். ஐந்து நிமிஷம் பொறுப்பாகத்தான் நின்றேன். பிறகு வெயில் மண்டையைப் பிளந்தது. பையை மதிலில் வைத்துவிட்டுக் குடையை விரித்தேன். குடைக் கம்பி பையின் காதில் மாட்டி இழுத்தது… பை கீழே! போத்தல் உடையவில்லை. கார்க்தான் கழன்று உருண்டது. நான் குனிந்து எடுப்பதற்குள் உள்ளே இருந்தது முழுவதும் மணலுக்குள் போய்விட்டது.

உண்மையைச் சொல்லலாமா? அலியாரை எனக்குத் தெரியும். "பாத்தீங்களா, அல்லாஹ்வே வேணாமெண்டு காட்டிட்டான்" என்று அடுத்த பஸ்ஸில் ஊருக்குத் திரும்பிவிடுவான். பிறகு அவனை யாராலும் அசைக்க முடியாது. மூன்று குமருகளின் முகமும் என் கண்ணுக்குள் வந்து நின்றன.

அப்போதுதான் என் புத்தி வேலை செய்தது. நீர் நீர்தானே? அதில் யார் பேரும் எழுதியா இருக்கிறது? ஒரு மறைவுக்குப் போய் அந்தப் போத்தலை நானே நிரப்பினேன். அலியார் தொழுதுவிட்டு வந்ததும் பையை அவன் கையில் கொடுத்தேன். பிறகு கழுவி, முகம் கைகால் நனைத்து ஒளு எடுத்து, ஒன்றும் அறியாத பிள்ளையைப் போல் தொழப் போனேன்.

டாக்டர் யாழ்ப்பாணத்து மனிதர். கண்டிப்பானவர், ஆனால் மரியாதை தெரிந்தவர். மறைப்புக்குப் பின்னால் அலியாரைச் சோதித்தார். இரண்டே நிமிஷம். "தேவைக்கு மேல ஒரு விரல்கூட இல்ல மச்சான்" என்று அவன் வெளியே வந்து என் காதில் சொன்னபோது அவன் முகத்தில் மூன்று கிழமைக்குப் பிறகு ஒரு சிரிப்பு.

அடுத்தது போத்தல். மருந்து கலக்கிக் கொடுக்கும் டிஸ்பென்சர் ஒரு நீல மருந்தைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, போத்தலில் இருந்து சில சொட்டு விட்டு, ஸ்பிரிட் விளக்கில் பிடித்தார். நீலம் பச்சையானது. பச்சை மஞ்சளானது. கடைசியில் செங்கல் நிறத்தில் வந்து நின்றது. டிஸ்பென்சர் டாக்டரைப் பார்த்தார்.

"தம்பி, உமக்குச் சலரோகம் இருக்கு" என்றார் டாக்டர். "கொஞ்ச நஞ்சமில்லை. சேர்டிபிகேட் தர ஏலாது."

சலரோகம் என்றால் நீரிழிவு — எங்கள் ஊர்ப் பேச்சில் சீனி வருத்தம். அலியார் ஓலைப் பையை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தான். நானும் பின்னால் போனேன்.

எதிரே ஒரு தேத்தண்ணிக் கடை. போய் உட்கார்ந்தோம். "எனக்குச் சீனி போடாதீங்க" என்று அலியார் கடைக்காரரிடம் சொன்னான். அந்தக் குரலைக் கேட்டு எனக்கு உயிர் போய்விட்டது. கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே இருந்தான்.

"சுலைகாக்கிட்ட நீங்கதான் செல்லணும் மச்சான். எனக்கு வாய் வராது. எத்தின நாளைக்கு இரிப்பனோ… இது பிள்ளையளுக்கும் வருமா?"

இனியும் பொறுக்க முடியவில்லை. "மச்சான்… அது உங்கட இல்ல" என்றேன். மணலில் சிந்தியது, மறைவுக்குப் போனது, நிரப்பியது — எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். அடிப்பான் என்றுதான் நினைத்தேன். அடித்திருந்தால் வாங்கியிருப்பேன்.

அவன் கோப்பையை மெதுவாக வைத்தான். என் முகத்தையே பார்த்தான்.

"அப்ப… அந்தச் சீனி உங்களுக்கா மச்சான்?"

நம்புவீர்களா? அந்த நிமிஷம் வரைக்கும் அது என் மண்டையில் ஏறவே இல்லை! அவன் வேலை போய்விட்டதே, என் குட்டு வெளிப்பட்டுவிடுமே என்று பயந்துகொண்டிருந்தவனுக்கு, கொதித்துச் சிவந்தது தன்னுடைய நீர் என்பது தெரியவில்லை. என் வாப்பாவின் வலது காலை முழங்காலோடு எடுத்தது இந்த வருத்தம்தான். எடுத்த பிறகு அவர் இருந்தது ஆறே மாதம்.

திரும்ப டாக்டரிடம் போனோம். நானே வாயால் சொன்னேன். அவர் எழும்பி நின்றுவிட்டார்.

"நீர் வாத்தியாரோ? பிள்ளையளுக்கு இதைத்தான் படிப்பிக்கிறீரோ? இனி உங்கட போத்தல் ஒண்டையும் நான் நம்பமாட்டன். டிஸ்பென்சரின்ரை கண்ணுக்கு முன்னால தரவேணும். விருப்பமில்லையெண்டால் போகலாம்!"

கண்ணுக்கு முன்னால்! எந்த வெட்கத்துக்குப் பயந்து அலியார் மூன்று கிழமை நித்திரை கொள்ளவில்லையோ, அதைவிடப் பெரிய வெட்கத்துக்குள் நான் அவனைத் தள்ளிவிட்டேன். அவன் முகம் கறுத்துப் போனது. எழும்பிப் போய்விடுவான், மூன்று வீடும் போய்விடும் என்றே நினைத்தேன்.

நல்ல வேளை, டிஸ்பென்சர் வயதான மனிதர். "வாரும் தம்பி. நான் அங்கால பாத்துக்கொண்டு நிக்கிறன். சத்தம் கேட்டாப் போதும்" என்று கூட்டிக்கொண்டு போனார்.

அலியார் திரும்பி வந்தபோது என் பக்கம் பார்க்கவில்லை. "மறுமையில இதுக்குப் பதில் செல்லப்போறது நீங்கதான் மச்சான்" என்று மட்டும் சொன்னான். பகிடியாகச் சொல்லவில்லை.

இந்த முறை நீலம் நீலமாகவே நின்றது. டாக்டர் கையெழுத்து வைத்தார்.

ஒன்று சொல்கிறேன். ஒவ்வொரு சின்ன விஷயத்துக்கும் "இது ஆகுமா, ஆகாதா?" என்று அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். எனக்கு அது பகிடி. ஒரு பொய்யைப் போத்தலில் அடைத்தபோது அந்தக் கேள்வியை நான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லையே! நாலெழுத்துப் படித்த எங்களுக்கு மற்றவனின் பேணுதல் எப்போதும் பைத்தியமாகத்தான் தெரிகிறது. நம்முடைய அவசரம் மட்டும் நியாயம்.

"இனி நீர் வாரும்" என்றார் டாக்டர். செருப்பைக் கழற்றச் சொன்னார். விரல் இடுக்குகளைப் பார்த்தார். ஒரு குண்டூசியை எடுத்து, என்னைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, பாதத்தில் அங்கும் இங்கும் குத்தினார்.

"குத்துறது தெரியுதோ?"

"தெரியுது."

"இது?"

"தெரியுது டாக்டர்."

மருந்து எழுதித் தந்தார். அடுத்த மாதம் வரச் சொன்னார். அலியார் அடுத்த வாரம் கப்பலேறக் கொழும்புக்குப் போகிறான். சுலைகாவின் வீட்டில் ஒரே சந்தோஷம். என் வீட்டில் இன்னும் சொல்லவில்லை. மூன்று தடவை வாய் எடுத்தேன், மூன்று தடவையும் வேறு எதையோ கதைத்தேன். பத்திரிகைக்கு எழுதும் இந்தப் பத்தி அச்சில் வந்தால் முதலில் வாசிப்பவள் என் மனைவிதான். அதனால் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

ஹாஜறா… டாக்டரிடம் நான் சொன்னது பொய் — இடது காலில் இரண்டு இடத்தில் ஊசி குத்தியது தெரியவில்லை.